நெட்டை நாற்று

முளைப்பாரியைப் பார்த்திராத தமிழர் நம் மன்றத்தில் மிகச் சிலரே இருத்தல் கூடும். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்தினர்க்கு அதனை விளக்க வேண்டியதே இல்லை. ஏனையோர்க்காக இரண்டு சொல். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், பெண்கள் மண்சட்டியிலோ கூடையிலோ வைக்கோலும் மக்கிய எருவும் இட்டு, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு முதலானவற்றைத் தூவி, வெயில் எட்டிப் பாராத ஓர் அறையில் வைத்து விடுவர். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பர். இரவில் சுற்றி நின்று கும்மி கொட்டுவர். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ கதவைத் திறந்தால், சாண் உயரத்துக்கும் மேலாக, வெளிர் மஞ்சள் நிறத்தில் முளைகள் நெருங்கி நிற்கும். அவற்றைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று கண்மாயிலோ ஊருணியிலோ கரைத்து விடுவர்.

அந்த உயரத்தைக் கண்டு மகிழாதார் இல்லை. யாருடைய பாரி ஓங்கி நிற்கிறது என்று ஊரே ஒப்பிட்டுப் பார்க்கும். விதை நெல்லையும் விதைப் பயற்றையும் சோதித்துப் பார்க்க முன்னோர் கண்ட வழி இது என்று சொல்வாரும் உண்டு. எவ்வாறாயினும், அந்த முளைகளை மறுநாள் எடுத்து வயலில் நட்டால் என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவை நடுவதற்கென்று வளர்க்கப்பட்டவை அல்ல.

ஆனால் நட வேண்டிய நாற்று ஒன்று, முளைப்பாரியைப் போல் வெளுத்து நீண்டு நின்றால்? அது வளர்ச்சியன்று, ஆபத்து. அந்த ஆபத்தை வீட்டுக்குள்ளே, மின்விளக்கின் கீழே, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதே நான் இங்கு எழுத வந்தது.

வீட்டுக்குள்ளே நாற்று வளர்க்கும் நிலை ஏன் வந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் குடியிருப்பது அத்திபெலேயில். நம்மில் பலருக்கு அது ஓசூர்ப் பேருந்து கடந்து செல்லும் ஒரு சுங்கச் சாவடி மட்டுமே. பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடி, ஆனேக்கல் வட்டம். அடுத்த எட்டு வைத்தால் ஜூஜூவாடி, தமிழ்நாடு தொடங்கிவிடும். கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே கடையில் ஒரே மூச்சில் புழங்கும் ஊர். தொழிற்பேட்டை வளர வளர, வாடகை வீடுகளும் ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு எழுந்துவிட்டன. எங்கள் வீட்டுக்குச் சன்னல் இரண்டு. ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மற்றொன்றைத் திறந்தால் அந்தச் சுவரின் தொடர்ச்சி. மொட்டை மாடிக்கு வழி உண்டு. கதவுக்குப் பூட்டும் உண்டு. சாவி வீட்டுக்காரரிடம் உண்டு.

இந்த வீட்டுக்குத்தான் அப்பத்தாவின் கத்தரி விதை வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு தை மாதம் அப்பத்தா காலமானார். மானாமதுரைப் பக்கத்தில் அவர் இருந்த வீடும் கொல்லையும் பங்காளிகள் கூடிப் பேசி விலையாகிவிட்டன. பாத்திரம் பண்டங்களைப் பிரித்தபோது அம்மா கேட்டு வாங்கி வந்தது ஒரு சிறு துணி முடிச்சு மட்டுமே. அவிழ்த்தால் அடுப்புச் சாம்பல். சாம்பலைச் சலித்தால் கத்தரி விதை. எண்ணிப் பார்த்தேன்: 43. கடையில் கிடைக்கும் எந்தக் கத்தரியும் அன்று அது. பச்சை வரியோடிய, கைக்குள் அடங்கும் சிறு உருண்டைக் காய்; காம்பில் முள். அதற்குப் பெயர் கூடக் கிடையாது. "நம்ம கத்தரி" என்பார் அப்பத்தா. அவ்வளவே. கொல்லை போனபின் அந்தக் கத்தரி உலகத்தில் வேறெங்கேனும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. என் வரையில் அந்த 43 விதைகளோடு அதன் கதை நின்றது.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுடாதே" என்றார் அம்மா. 22 விதைகளை எடுத்துக்கொண்டு, 21ஐத் திரும்பவும் சாம்பலில் முடிந்து வைத்தோம்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஆனி மாதத்தில், மேல்வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் குடியிருக்கிறார், திருநெல்வேலிக்காரர், நல்ல மனத்தர். ஒரு பொட்டலம் தக்காளி விதையை முழுவதுமாக ஓர் இனிப்புப் பெட்டியில் தூவி, குளிர்பெட்டியின் தலைமேல் வைத்திருந்தார். அங்கே இளஞ்சூடு இருக்கும். விதை விரைவில் முளைக்கும். அதுவரை சரியே. முளைத்த பின்னும் அங்கேயே இருந்தன. மேலே, ஆள் உயரத்துக்கும் அப்பால், பழைய மஞ்சள் குண்டு விளக்கு. ஐந்தாம் நாள் விரல் நீளத்துக்கு எழுந்து நிற்பதைக் கண்டு, எங்களை அழைத்துக் காட்டி மகிழ்ந்தார். நூல் போன்ற தண்டு; உச்சியில் இரண்டே இலை; அனைத்தும் சன்னல் பக்கமாகத் தலை சாய்த்து நின்றன. பத்தாம் நாள் பாதி படுத்துவிட்டன.

இதனைப் பார்த்தவர்களுள் மெய்யாகவே வருந்தியவர் ஒருவர்தாம். பாகலூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் வேலை பார்ப்பவர்; பதினைந்து நாளுக்கொரு முறை நாற்றுக் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவர்; நாங்கள் நர்சரி அண்ணன் என்று அழைப்பவர். ஓசூர், பாகலூர், ஆனேக்கல் வட்டாரத்தில் நிழல்வலைக் கூடங்களை நீங்கள் பேருந்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். உள்ளே, 98 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளில், தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைப்பார்கள். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி வைப்பார்கள். உள்ளே சூடும் ஈரமும் இருளும் சேர்ந்து முளை கட்டும்.

"அடுக்கைப் பிரிக்கிற நாள்தான் பாப்பா எல்லாமே" என்றார் அவர். "முளை மண்ணை முட்டிக்கிட்டுத் தெரியுதா, அன்னிக்கே பிரிச்சுப் பரப்பிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு போனா, அடுக்குக்குள்ளயே வெள்ளையா நீண்டுக்கும். அப்புறம் எத்தனை வெயில்ல வெச்சாலும் அந்தத் தண்டு குட்டையாகாது. விவசாயி தொட்டுப் பாத்துட்டு வேணாம்னு போயிடுவான்."

ஒரே ஒரு நாள்! பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் எனக்கு அந்தச் சொல் வியப்பாகவே இருந்தது. நூலகத்தில் தேடிப் படித்த பின்னரே அதன் பொருள் விளங்கிற்று.

விதை மண்ணுக்குள் இருக்கும்போது அதற்கு ஒரே வேலை: மேலே வருவது. கையிருப்பு, விதைக்குள் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சோறு. அதை முழுவதும் தண்டின் நீளத்திலேயே செலவிடுகிறது. இலையை விரிப்பதில்லை, பச்சையம் கட்டுவதில்லை, உச்சியைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு மண்ணை முட்டுகிறது. ஒளி பட்ட கணத்தில் கட்டளை மாறுகிறது. தண்டே, நில், கொக்கியே, நிமிர், இலையே, விரி. ஒளி படாவிட்டாலோ, போதாவிட்டாலோ, இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறோம் என்று எண்ணி அது மேலும் மேலும் நீளுகிறது. ஆகவே நெட்டை நாற்று என்பது செழித்த நாற்று அன்று. வழி தேடி அலையும் நாற்று.

இங்கேதான் முளைப்பாரிக்கும் கத்தரிக்கும் உள்ள வேறுபாடு. தட்டைப்பயறு பெருஞ்செல்வன் வீட்டுப் பிள்ளை. பத்து நாள் இருட்டில் நின்றாலும் உண்ணப் பருப்பு உண்டு. கத்தரி விதையோ மிகச் சிறிது. ஒரு தட்டைப்பயற்றின் எடைக்கு இருபதுக்கு மேற்பட்ட கத்தரி விதைகள் வேண்டும். அதன் கையிருப்பு விரைவிலேயே தீர்ந்துபோம். அதற்குள் ஒளியைக் கண்டு தானே சமைக்கத் தொடங்கினால் பிழைத்தது. இல்லையேல் நூலாய் நின்று, கழுத்தொடிந்து, நாற்றழுகலுக்கு இரையாகும்.

ஒளி வந்ததைச் செடி எவ்வாறு அறிகிறது? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில், புல் முளையின் நுனியை மூடிவிட்டால் அது ஒளிப்பக்கம் வளைவதில்லை என்று காட்டினர். ஒளியை உணர்வது நுனி. வளைவது அதன் கீழ்ப்பகுதி. பின்னர் அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் என்னும் இடத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார், 1952இல், லெட்டூஸ் கீரை விதையைச் சிவப்பு ஒளி முளைக்கச் செய்வதையும், சிவப்புக்கு அப்பால் கண்ணின் எல்லையில் கிடக்கும் தொலைசிவப்பு ஒளி அதனைத் தடுத்துவிடுவதையும் கண்டனர். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால், கடைசியில் எது பட்டதோ அதன் சொல்லே செல்லும்! இந்த மாயத்தைச் செய்யும் நிறமியை அவர்கள் 1959இல் நேரே கண்டது எதில் தெரியுமா? இருட்டறையில் வளர்த்த மக்காச்சோள முளைகளில். பச்சையம் இன்மையால் அங்கே மற்ற நிறம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. நம் முளைப்பாரியைப் போன்ற வெளிறிய முளைகளே அந்த விஞ்ஞானிகளுக்குக் கண்ணாடியாய் அமைந்தன. பைட்டோகுரோம் என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

மேல்வீட்டுத் தக்காளிக்கு நேர்ந்தது இதனால் விளங்கும். இலை சிவப்பு ஒளியை உண்டுவிட்டுத் தொலைசிவப்பை மிச்சம் விடுகிறது. ஆகவே தொலைசிவப்பு மிகுந்த ஒளி படும்போது, பக்கத்தில் எவனோ நிழல் செய்கிறான், அவனை முந்த வேண்டும் என்று செடி நீளத் தொடங்கும். இனிப்புப் பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்ற நாற்றுகள் ஒன்றையொன்று அவ்வாறே விரட்டின. போதாக்குறைக்குப் பழைய குண்டு விளக்கு. அதன் ஒளியில் நீலம் மிகக் குறைவு, தொலைசிவப்பு மிகுதி. தண்டை அடக்கி நிறுத்துவதில் நீல ஒளிக்கும் பெரும்பங்கு உண்டு. வெதுவெதுப்பான இடம், மங்கிய ஒளி, நெருக்கம் என்று நாற்றை நெட்டையாக்க வேண்டிய அனைத்தும் அங்கே ஒருங்கே அமைந்துவிட்டன. அவர் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. உயரம் கண்டு மகிழ்வது நம் ஊர்ப் பழக்கம்.

எங்கள் கூடத்தில் இருந்தது 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு. வெள்ளொளி, நீலப் பங்கு உள்ளது. ஆனால் அது இருந்தது உத்தரத்துக்கு அருகில். அதன் கீழே அமர்ந்து நான் தேர்வுக்குப் படிக்கிறேன். அம்மா ஊசியில் நூல் கோக்கிறார். நமக்கு அது பட்டப்பகல். கைப்பேசியில் ஒளியளக்கும் செயலி ஒன்றை இறக்கித் தரையில் வைத்துப் பார்த்தேன்: 150 லக்ஸ். வெட்டவெளியில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நம் கண் ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு இந்தப் பெரும் வேறுபாட்டை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. செடிக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் கூடம் கத்தரிக்கு அமாவாசை.

விளக்கை மாற்ற வேண்டியதில்லை, இறக்க வேண்டும். அதே விளக்கைக் கழற்றி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, மேசைக்கு மேல் அரைச்சாண் உயரத்தில் தொங்கவிட்டு அளந்தேன். 6,500 லக்ஸுக்கு மேல் காட்டிற்று. காசு செலவில்லாமல் நாற்பது மடங்கு! வெயிலுக்கு அது ஈடன்று என்பது உண்மையே. எனினும் வெயில் சில மணி நேரமே உச்சத்தில் நிற்கும்; இதனை நாள் முழுதும் எரிக்கலாம். அம்மா எழும் ஐந்து மணிக்குப் போட்டு, உறங்கும் ஒன்பது மணிக்கு அணைப்பது என்று வைத்துக்கொண்டோம். பதினாறு மணி நேரம். மீதி எட்டு மணி செடிக்கும் இரவு வேண்டும். மேசையின் மூன்று பக்கமும் வெள்ளை அட்டை சாய்த்து வைத்ததில், சிதறும் ஒளியும் திரும்பி வந்தது.

அப்பாவுக்கு மின்கட்டணக் கவலை. "கத்தரிக்காய் கிலோ நாப்பது ரூபாய்க்குக் கடையிலே கிடக்குது" என்றார். 20 வாட், பதினாறு மணி நேரம், முப்பது நாள். பத்து யூனிட்டுக்கும் குறைவு என்று கணக்கெழுதிக் காட்டினேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை, விளக்கு உயரத்தை ஏற்றியிறக்க இரண்டு கொக்கிகள் வாங்கி வந்து அவரே மாட்டினார். அவரும் அந்தக் கொல்லையில் வளர்ந்தவரன்றோ!

ஆடி முதல் வாரத்தில் விதைத்தோம். தேநீர்க் குவளை ஒன்றுக்கு ஒரு விதை. நெருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முளைக்கும் வரை குளிர்பெட்டியின் மேல், தாள் மூடி. ஏழாம் நாள் விடியலில் முதல் கொக்கி தெரிந்தது. அந்தக் குவளையை அக்கணமே விளக்கின் கீழ் மாற்றினேன். அன்று மாலைக்குள் இன்னும் நான்கு. இப்படி ஒவ்வொன்றாகப் பதினைந்து வந்தன. ஏழு வரவே இல்லை. அப்பத்தா எந்த ஆண்டு முடிந்து வைத்த விதையோ!

பின்னர் வந்த நாட்களில் செய்ததெல்லாம் சிறு சிறு வேலைகளே. இலை விளக்கை நெருங்க நெருங்க விளக்கை அரைச்சாண் குறையாமல் உயர்த்துவது. குவளையைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்தால் மட்டும், அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி உறிஞ்ச விடுவது. இருண்ட வீட்டில் ஈரம் எளிதில் காயாது. ஈரமே நாற்றழுகலுக்கு வாசல். அவ்வாறு காத்தும் ஒரு நாற்று பன்னிரண்டாம் நாள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. பதினான்கு எஞ்சின.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். அம்மா காலையிலும் மாலையிலும் அந்த நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுப்பார். நான் சொல்லித்தான் செய்தார். வெட்டவெளியில் செடியைக் காற்று அசைக்கிறது; அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கத் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது. வீட்டுக்குள் காற்று ஏது? தொடுதலும் உரசலும் அதே வேலையைச் செய்யும் என்பதை மார்க் ஜாஃபி என்னும் அமெரிக்க அறிஞர் 1973இல் விரிவாகக் காட்டி, அதற்கொரு நீண்ட கிரேக்கப் பெயரும் சூட்டினார். அந்தப் பெயரை அம்மாவிடம் சொல்லவில்லை. மின்விசிறியை மெதுவாகச் சுழல விட்டாலும் போதும். அம்மாவுக்குக் கைதான் பிடித்திருந்தது. தடவும்போது ஏதோ பேசிக்கொண்டும் இருப்பார். யாரோடு என்று நான் கேட்டதில்லை.

தண்டைக் குட்டையாக்கும் மருந்துகளும் கடையில் உண்டு. செடியை நீளச் செய்யும் சுரப்பைத் தடுப்பவை அவை. அந்தச் சுரப்பு கிப்பரெல்லின். 1926இல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானியர், நெல் நாற்றை வெறிகொண்டதுபோல் நீளச் செய்யும் ஒரு பூஞ்சணத்தை ஆராய்ந்தபோது அதன் தடம் கிடைத்தது. அந்த நோய்க்கு ஜப்பானிய உழவர் வைத்த பெயருக்கு 'மூட நாற்று' என்பது பொருள். பூந்தொட்டி வளர்ப்போர் மருந்தை நாடட்டும். சமைத்து உண்ணப் போகும் பதினான்கு செடிக்கு, விளக்கை இறக்கத் தெரிந்தவர் மருந்தைத் தேட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

நாடு விட்டு வந்து ஒண்டுக் குடித்தனத்தில் படிக்கும் நம்மையும் இந்த நாற்றையும் சேர்த்து இங்கே ஓர் உவமை எழுதக் கை துடிக்கிறது. போன மலரில் அத்தகைய உவமை மூன்று வந்துவிட்டன; விட்டுவிடுகிறேன்.

இருபத்தைந்தாம் நாள் நாற்றுகள் நான்கு விரல் உயரமே இருந்தன. தண்டு பென்சில் முனைபோல் திரட்சி, அடியில் ஊதா நிறம் ஓடிற்று, இலை ஐந்து. நர்சரி அண்ணன் ஒரு குவளையைத் தூக்கி, தண்டை விரலால் சுண்டிப் பார்த்தார். "இது தட்டுல வளர்ந்த நாத்து மாதிரி இருக்குதே" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் புகழ்ச்சி வராது. மேல்வீட்டு அண்ணனின் தக்காளியில் பிழைத்திருந்த எட்டையும் அன்றே அவர் எடுத்துப் போனார். தக்காளித் தண்டு மண்பட்ட இடமெல்லாம் வேர் விடும். ஆகையால் நெட்டைத் தண்டைக் கழுத்துவரை புதைத்து நட்டுக் காப்பாற்றிவிடலாம். கத்தரியிடம் அந்தத் துணிவு செல்லாது.

இனி வெயில் பழக வேண்டும். விளக்கொளியில் வளர்ந்ததை நேரே வெயிலில் வைத்தால் ஒரே நாளில் இலை வெந்துவிடும். முதல் நாள் காலை ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஏற்ற வேண்டும். அதற்கு மாடி வேண்டுமே! அம்மா இரண்டு குவளைகளை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரின் தாயாரிடம் காட்டினார். கன்னடத்தில் நாற்றைச் சசி என்பர். அந்த அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்து, "சசி சென்னாகிதே" என்றார். நன்றாக இருக்கிறதாம். சாவி அன்றே வந்தது. ஒரு வாரத்துக்கு என்று சொல்லி வந்த சாவி இன்றும் எங்கள் ஆணியில்தான் தொங்குகிறது.

ஆவணி இரண்டாம் வாரத்தில் பன்னிரண்டு நாற்றுகளை நர்சரி அண்ணன் பாகலூரில் தம் வீட்டு ஓரத்தில் நட்டார். இரண்டு மாடியில் தொட்டியில் நிற்கின்றன. அவை வீட்டுக்கார அம்மையாருடையவை. ஐப்பசிக் கடைசியில் முதற்காய் வந்தது. அதே பச்சை வரி, அதே முள். அம்மா புளிக்குழம்பு வைத்தார். அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார்.

பாகலூரில் ஐந்து காய்களைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விட்டிருக்கிறார்கள். விதை எடுத்துக் காய வைத்துச் சாம்பலில் புரட்டத் தை மாதம் ஆகும். நம் மன்றத்து நண்பர்களுள் வேண்டுவோர் அதன்பின் என்னிடம் கேட்கலாம். ஆளுக்குப் பத்து விதை. விடுதி அறையில் வளர்ப்போர் விளக்கைத் தொங்கவிடக் கயிறு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.